சந்தனம் மறைத்த பதினாறு நம்பர்

அருப்புக்கோட்டையில் ஒரு கார் சாமான் கடையில் பதினோரு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ, அப்புறம் வழி சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி. முதலாளி அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. அதனால் மேப் ஏற்றுவது, ஆக்டிவேஷன் வாங்குவது, கம்பெனிக்காரனிடம் போனில் மல்லுக்கு நிற்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இன்னும் கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

1. பெட்டியின் முதுகு

போனில் வழி பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கம் பரவாத காலம். பாலவனத்தம் பாண்டி அண்ணன் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுபவர். ஒரு புதன்கிழமை காலையில் சிரித்துக்கொண்டே வந்தார்.

“தாயி, தறி முதலாளி என்னைய இச்சல்கரஞ்சிக்குக் கூப்புட்டிருக்காக. பழைய தறி வெலைக்குப் பாக்கப் போறாக. நல்லபடியா கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா, இனிமே எங்க போனாலும் ஒன் வண்டிதான் பாண்டின்னு சொல்லிட்டாக.”

சனிக்கிழமை காலை பயணம். மதுரையும் ராமேஸ்வரமுமே ஓட்டிப் பழகிய மனுஷன். தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் கடையில் வாங்கியிருந்த அவருடைய பெட்டியில் இருந்ததோ தென்னிந்திய மேப் மட்டும். மகாராஷ்டிரத்துக்குப் போக முழு இந்தியா மேப் உள்ள மெமரி கார்டு வேண்டும். டூப்ளிகேட் கார்டு சல்லிசாகக் கிடைத்தது. “அதெல்லாம் வேணாம்ணே, நடுவழியில கழுத்தறுத்துரும். ஒரிஜினல் போடுங்க” என்று சொன்னது நான்தான். என் பேச்சை நம்பி வாங்கினார்.

ஒரிஜினல் மேப்புக்குக் கம்பெனி பூட்டுப் போட்டிருந்தது. ஒரு கார்டு ஒரு பெட்டியில்தான் ஓடும். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பதினாறு நம்பரைக் கம்பெனிக்கு அனுப்பினால் பூட்டைத் திறக்கும் கோடு நம்பர் ஒன்று தருவார்கள். அதை அடித்தால்தான் மேப் திறக்கும். ஒருத்தர் வாங்கி ஊருக்கே காப்பி போடக் கூடாதாம். சரி, நியாயம்தான்.

பெட்டியைத் திருப்பினேன். விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“என்னண்ணே இது?”

“ஆயுத பூசைக்கு மாரி வச்சது. வருசா வருசம் ஈரத்துணியால தொடச்சு வைப்பா. வண்டிக்கு மட்டும் வச்சாப் போதுமா? வழி சொல்றதுக்கும் வைக்கணும்ல?”

முன்பக்கம் ஸ்க்ரீன், கெட்டுவிடும் என்று அவர் மனைவி மாரி பக்குவமாகப் பின்பக்கம் வைத்திருக்கிறாள். பொட்டைச் சுரண்டினேன். பொட்டோடு சேர்ந்து நாலு நம்பரும் உரிந்து வந்துவிட்டது.

2. என்ன கெமிக்கல் மேடம்?

மிச்சமிருந்த தடத்தைப் பார்த்து, இது மூன்றாக இருக்கும், இது எட்டாக இருக்கும் என்று கம்பெனி வெப்சைட்டில் அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை தப்பானதும் கதவைச் சாத்திவிட்டார்கள். புத்தி உள்ளவள் செய்கிற வேலையா அது!

போன் போட்டேன். தமிழுக்கு ஒன்பதை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், இந்தி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தமிழ் பேசும் பையன் ஒருவன் கிடைத்தான். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: சீரியல் நம்பர் மீது அந்நியப் பொருள் பூசப்பட்டுள்ளது, கருவியைத் திருத்த முயன்றதாகக் கருதுகிறோம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. திரும்பவும் போன் போட்டேன்.

“சார், அது சந்தனம்.”

“அது என்ன கெமிக்கல் மேடம்?”

“சந்தனம் சார்! சாமி கும்புட்டு வைக்கிறது!”

“ஓ... ஆனா எங்க பாலிசி இருக்கு மேடம். நம்பர் எழுதின பில் இருந்தா அனுப்புங்க, இன்னைக்கே கோடு குடுத்துடலாம். இல்லைன்னா பெட்டியை எங்களுக்கு அனுப்பணும். பத்து நாள் ஆகும்.”

பாண்டி அண்ணனிடம் இருந்த பில் எப்போதோ தொலைந்துவிட்டது. கடையின் பில் புத்தகத்தில் கார்பன் காப்பியைத் தேடி எடுத்தேன். தீபாவளிக் கூட்டத்தில் போட்ட பில். ‘ஜிபிஎஸ் பொட்டி - 1’ என்று என் கையெழுத்து. நம்பர் எழுதவேண்டிய கட்டம் காலி. எங்கள் கடையில் ஸ்டீரியோவுக்கே நம்பர் எழுதிய பழக்கம் கிடையாது. நானும் எழுதவில்லை.

புத்தகத்தை மூடினேன். “பில்லுலயும் நம்பர் தெளிவா இல்லண்ணே” என்று அவரிடம் சொன்னேன். அது பச்சைப் பொய்.

3. சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கூரியரில் அனுப்பினேன். பாண்டி அண்ணன் மறைக்கத் தெரியாதவர். தறி முதலாளியிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். “பாஷையும் தெரியாது, வழியும் தெரியாதுன்னா ஒன்னைய நம்பி எப்புடிப்பா வாரது?” என்று கேட்டுவிட்டு, முதலாளி காரியாபட்டி டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொண்டார்.

அந்த டிரைவர் சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது சார்ஜர் வாங்க எங்கள் கடைக்கே வந்தார். அவர் பெட்டியில் டூப்ளிகேட் கார்டு. முழு இந்தியாவும் பளிச்சென்று தெரிந்தது.

“என்னக்கா, ஒரிஜினல் மக்கர் பண்ணுதாம்ல?”

பல்லைக் கடித்துக்கொண்டு சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன். திருடனுக்குத் திறந்த கதவு, துட்டுக் கொடுத்தவனுக்குப் பூட்டு! இப்படி ஒரு பூட்டை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ.

4. காலிக் கட்டம்

செவ்வாய்க்கிழமை மாரி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் பொட்டு வைக்காம இருந்திருந்தா அவுகளுக்கு அந்தச் சவாரி கெடச்சிருக்கும்ல? நாலு நாளா எங்கூடப் பேச மாட்டேங்காக. நாலு வார்த்த திட்டிட்டாக்கூடத் தேவலை. சாமிக்குன்னு வச்ச பொட்டுக்கா! அவுக பொழப்ப எங்கையாலயே கெடுத்துட்டேனே!”

அதுவரை கம்பெனியைத் திட்டினேன், போனில் பேசிய பையனைத் திட்டினேன், மனசுக்குள் இவளையும்தான் திட்டியிருந்தேன். அவள் அழுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பில் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

“இந்தக் கட்டத்தப் பாரு மாரி. இதுல நான் நம்பர் எழுதியிருக்கணும். எழுதியிருந்தா நீ பெட்டிக்கு மாலையே போட்டிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காது. கேட்ட அன்னைக்கே கோடு வந்திருக்கும்.”

“அப்ப என் தப்பு இல்லையாக்கா?”

“இல்ல. என் தப்பு. ஒன் வீட்டுக்காரருகிட்டயும் மறைச்சுட்டேன்.”

ஏசுவாள் என்று நினைத்தேன். கவுண்டரில் இருந்த போனை என் பக்கம் நகர்த்தினாள்.

“இத அவுககிட்டச் சொல்லுங்க. நான் இங்கனயே நிக்கேன். இப்பவே சொல்லுங்க.”

சொன்னேன். பாண்டி அண்ணன் முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “மாரி அங்கனயா இருக்கா? அவகிட்டக் குடு” என்றார். எப்போதும் சொல்கிற ‘தாயி’யை அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பத்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. மேப் திறந்தது. தறி முதலாளி அந்தக் காரியாபட்டி டிரைவரையே வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, கம்பெனி பூட்டுப் போடத்தான் செய்யும், அதை நாம் தடுக்க முடியாது. பில்லில் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். பதினாறு நம்பரையும் எழுதி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். தீபாவளிக் கூட்டம் நின்றால் நிற்கட்டும்.