பிசையக் கூடாத மாவு

காலை ஆறு இருபது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது, தட்டில் காய்ந்து கிடந்த நேற்றிரவுச் சோறு. மகள் அதைத் தொடவே இல்லை.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்தே இப்படித்தான். அவளுடைய அப்பா அந்த ஊர்க்காரர், அங்கேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் என்னிடம் அனுப்பிவிடு என்று சொல்லி, விமானச் சீட்டும் எடுத்துவிட்டார். மகள் கேட்டது ஒன்றுதான்: ஸ்கோன்.

ஸ்கோன் உள்ளங்கை அளவுப் பண்டம். வெளியே லேசாக முறுகி, உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். மைதாவில் வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, மோர் விட்டு, மாவு சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். டண்டீ சமையலறையில் முதன்முதலாக நான் அதைச் சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தபோது, மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். என்மேல் கோபம் என்று நினைத்து அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் கவலைப்பட்டது மாவுக்காக. கையை அடக்க ஒரு குளிர்காலம் பிடித்தது.

இங்கே விறகடுப்பு. ஓவனுக்குப் பதிலாக இரும்புச் சட்டியில் மணல் பரப்பிச் சூடேற்றினேன். மாவைக் கலந்து மூடி வைத்துவிட்டு விறகெடுக்கப் போனேன். திரும்பி வந்தால், அண்ணியின் மடியில் பாத்திரம். மாவு வழவழவென்று பந்தாகியிருந்தது.

“இன்னா செல்வி, அரகொறையா வுட்டுட்டு பூட்ட? நல்லா பெசஞ்சி வெச்சிட்டேன்.”

“அத பெசையவே கூடாது அண்ணி.”

“பெசையாத மாவு இன்னா மாவு? வெள்ளக்காரங்க சோம்பேறித்தனத்துக்குச் சொல்லியிருப்பாங்க, நீயும் நம்பிக்கினு வந்துட்ட.”

வேறு மைதா இல்லை. வாங்கிவரக் கீழே இறங்க வேண்டும், ஜீப் மறுநாள்தான்.

வெந்து வந்தவை கூழாங்கற்கள். மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணி அதை வாங்கி, ஒரு டம்ளர் டீயோடு அவள் முன்னால் வைத்தார்.

“பொறை மாதிரிதான் கீது. டீல தொட்டுத் துன்னு கண்ணு. உங்கம்மா மூஞ்சியப் பாக்காத, அது காலைலேர்ந்தே அப்டித்தான் கீது.”

மகளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். சிரித்தாள். நனைத்து நனைத்து மூன்று தின்றாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை; அது யார்மேல் என்றும் தெரியவில்லை.

மாலையில் அவள் அப்பா அழைத்து, ஸ்கோன் எப்படி இருந்தது என்று கேட்டார்.

“அம்மா ஸ்கோன் செய்யவில்லை, நான் பொறை சாப்பிட்டேன்” என்றாள் ஆங்கிலத்தில். பொறை என்றால் என்ன என்று கேட்டார். டீயில் தொட்டுத் தின்பது, அதுகூடத் தெரியாதா என்றாள்.

சீட்டை அவர் இன்னும் ரத்து செய்யவில்லை.