இருபத்திரண்டு பவுண்டு காற்று

கால் எல்லாருக்கும்தான் வேண்டும். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பவருக்கும், சோழவரம் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கும் இடது முழங்கால் நன்றாக மடங்கியே ஆக வேண்டும். ஆரணி ஜெகநாதன் இரண்டையும் செய்தவர். 1979 மே மாதம் அந்த முழங்கால் உடைந்தது. அதை ஆறு மாதம் மடக்கிப் பார்த்த நர்ஸ் நான். அவரைப் பற்றி நான் எழுத அது ஒரு காரணம். இன்னொன்று பின்னால் வரும்.

அவர் பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தவர். இருபத்தொன்றில் ஒரு பழைய ஜாவா வண்டி வாங்கினார். அவருடைய முதலாளிக்கு சந்தவாசல் வரை ஊர் ஊராகத் தறிகள் இருந்தன. வாரத்தில் நான்கு நாள் நெசவு. இரண்டு நாள் அந்தத் தறிகளுக்குப் பாவு கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வரும் வேலை. பாவு என்பது தறியில் ஏற்றுவதற்காக நீளமாக ஓட்டிச் சுருட்டிக் கட்டிய பட்டு இழை. வழியில் அதிகம் குலுங்கினால் கட்டு தளர்ந்து இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரித்தெடுக்க நெசவாளிக்கு அரை நாள் போகும். கொண்டுவந்தவருக்கு வசவு கிடைக்கும்.

நான் சந்தவாசல் துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்தேன். வீடு ஆரணியில். ஜெகநாதன் போகும் நாட்களில் அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வேன். முதலில் தெரு பேசியது. அவர் மனைவி லீலா, "நர்ஸம்மா பஸ்ஸுக்குக் காத்துகினு நின்னா, அங்க பிரசவம் காத்துகினு இருக்குமா?" என்று கேட்டாள். பேச்சு நின்றது.

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதை உண்டு. வருடம் ஒரு முறை அங்கே பந்தயம் நடக்கும். 1979 பிப்ரவரியில் புதியவர்களுக்கான ஓட்டத்தில் ஜெகநாதன் மூன்றாவதாக வந்தார். மெட்ராஸில் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒருவர் அவரைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் நல்ல வண்டி ஒன்று தயார் செய்து தருகிறேன், வந்து ஓட்டு என்றார். அன்றிலிருந்து ஜெகநாதனுக்கு வருடம் என்பது அடுத்த பிப்ரவரிதான்.

பந்தயத்தில் அவர் ஒன்று கற்றுக்கொண்டார். அங்கே டயரில் காற்றைக் குறைத்து வைப்பார்கள். நாலு சுற்று ஓடினால் டயர் சூடேறி உள்ளே அழுத்தம் தானே கூடும். கொஞ்சம் தளர்வாக இருக்கும் ரப்பர் வளைவில் தரையை நன்றாகப் பிடிக்கும். அவர் பின் சக்கரத்துக்கு இருபத்திரண்டு பவுண்டு வைத்தார்கள். ரோட்டில் அவர் வழக்கமாக வைப்பது இருபத்தெட்டு. சுமையோ ஆளோ ஏறினால் முப்பத்திரண்டு.

சோழவரத்திலிருந்து அதே காற்றோடு ஊருக்கு வந்தார். காற்றை ஏற்ற நேரமில்லாமல் மறுநாளே பாவு கட்டிக்கொண்டு போனார். சந்தவாசல் நெசவாளி கட்டைப் பிரித்துப் பார்த்து, ஒரு இழைகூட நகரவில்லை என்று சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு நல்லது, பட்டுக்கும் நல்லது என்று ஜெகநாதன் முடிவு செய்தார். அப்படிக் கணக்குப் போட ஆரணிக்காரரால்தான் முடியும். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த எல்லப்பன் எங்களை நிறுத்தினார். பின் சக்கரத்தைக் காட்டினார்.

"இன்னாடா ஜெகா, வால்வு சாஞ்சிகினு கீது?"

"அப்படியாண்ணா? நான் பாக்கலியே."

"நீ எங்க பாப்ப. காத்து பத்தல, டயரு ரிம்மு மேல வழுக்கி நவுருது. உள்ள ட்யூப இழுத்துகினு போவுது. ஒரு நாள் வால்வ பிச்சிகினு வந்துடும். எவ்ளோ வச்சிருக்க?"

"இருபத்திரண்டு. சோழவரத்துல அதான்."

"சோழவரத்துல நீ ஒத்த ஆளு. மொழமொழன்னு தரை. அஞ்சு ரவுண்டு அடிச்சா நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவ. ஒவ்வொரு தபா ஏறறதுக்கு முன்னாடியும் காத்து புடிச்சிப் பாக்கறாங்க. இங்க யாரு பாக்கறா? பின்னால பாவு மூட்ட, அதுக்கு முன்னால நர்ஸம்மா..."

"என் எடைய இழுக்காத எல்லப்பா" என்றேன்.

"நான் சொல்லலீங்க. டயரு சொல்லுது."

டயரைக் கழற்றி, ட்யூபைச் சரியாக வைத்து, முப்பத்திரண்டு பவுண்டு ஏற்றி அனுப்பினார். சாலை எப்போதும்போல் குண்டும் குழியுமாக இருந்தது. இரண்டு மாதம் மெத்தைமேல் போன பழக்கம் எனக்கு. ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இறங்கியது. பாதி வழியில் நான் சொன்னேன்:

"ஜெகா, இது பேஜாருப்பா. அந்த ரேஸ் காத்தே தேவல."

அவர் உடனே வண்டியை ஓரம் கட்டினார். ஒரு குச்சியால் வால்வின் ஊசியை அழுத்திக் காற்றை இறக்கினார். "போதுமா பாருங்க நர்ஸம்மா" என்றார். நான் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, போதும் என்றேன். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் பையில் இருந்தது. ஒருத்திக்குக்கூட நான் கையால் தொட்டு அளவு சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து, வெயில் கொளுத்திய ஒரு பிற்பகல், அவர் தனியாகப் பாவோடு வந்துகொண்டிருந்தார். சந்தவாசல் திருப்பத்தில் வால்வு பிய்ந்தது. பின் சக்கரம் ஒரே நொடியில் சப்பையாகி வண்டி சறுக்கியது. இடது கால் வண்டிக்கும் மதகுக் கல்லுக்கும் நடுவில் மாட்டியது. ஆள் வந்து சொல்ல நான் ஓடினேன். இரண்டு மரச்சட்டங்களை வைத்துக் காலைக் கட்டி, அரிசி மில் லாரியில் வேலூருக்குக் கொண்டுபோனோம். வழியில் வலியோடு அவர் கேட்டது, "பிப்ரவரிக்குள்ள ஆயிடுமா?" என்றுதான். ஆகும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எலும்பைப் பார்த்தவள் நான்.

பத்து வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு தினமும் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் முழங்காலை மடக்கினேன். கோண அளவை ஓர் அட்டையில் வரைந்து வைத்திருந்தேன். இருபது டிகிரி, முப்பத்தைந்து, தீபாவளிக்கு ஐம்பது. அதோடு நின்றுவிட்டது. ஈரத்துணி ஒற்றடம், எண்ணெய், மணல் பை, எல்லாம் செய்தேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துழைத்தார். ஐம்பது ஐம்பதாகவே இருந்தது.

ஜனவரியில் மெட்ராஸிலிருந்து தபால் கார்டு வந்தது. வண்டி தயார், பத்து நாள் முன்னதாக வந்து ஓட்டிப் பார். ஜெகநாதன் தன் ஜாவாவை வெளியே எடுக்கச் சொன்னார். எல்லப்பன் வண்டியைப் பிடித்துக்கொள்ள, லீலாவும் நானும் அவரை ஏற்றி உட்காரவைத்தோம். ஜாவாவில் கியர் இடது பக்கம். அவர் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. பாதம் கியருக்குப் போகவே இல்லை. மூன்று தடவை முயன்றார். பிறகு, "எறக்குங்க" என்றார்.

அன்றைக்கே பதில் எழுதச் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியும். ஆனாலும் என்னை எழுதச் சொன்னார். முழங்கால் உடைந்ததால் வர இயலாது, பந்தயக் காற்றை வைத்துக்கொண்டு ரோட்டில் சுமை ஏற்றியது தவறு என்று எழுதினேன். யார் கேட்டு அந்தக் காற்று இறங்கியது என்று எழுதவில்லை. வாசித்துக் காட்டினேன். "செரி, போட்டுடுங்க" என்றார்.

தறியிலும் அவரால் உட்கார முடியவில்லை. மார்ச் மாதம் லீலாவும் எல்லப்பனும் தறிக்குழியை இடது பக்கம் முன்னால் நீளமாகத் தோண்டினார்கள், அந்தக் கால் நேராக நீட்டியிருக்க. மிதிகட்டைகளையெல்லாம் வலது காலுக்கு எட்டும்படி நெருக்கிக் கட்டினார்கள். ஒற்றைக் காலால் நெய்யப் பழகினார். பத்து நாளில் முடிந்த சேலைக்குப் பதினெட்டு நாள் ஆனது. பிப்ரவரி வந்தால் அந்த வாரம் மட்டும் யாரோடும் பேசமாட்டார். லீலாவும் பேச்சுக் கொடுக்கமாட்டாள்.

1986இல் எனக்கு வந்தவாசிக்கு மாற்றலானது. சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் தறியில் இருந்தார். ஏழு வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். மெட்ராஸுக்கு நான் எழுதிய கார்டில் ஒரு வரி குறைவு ஜெகா, காற்றை இறக்கச் சொன்னது நான் என்று எழுதியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"எறக்கனது என் கை நர்ஸம்மா" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லப்பண்ணா சொன்னது அன்னிக்கு என் மனசுல குத்திகினே இருந்துச்சு. முப்பத்திரண்டுலயே உட்டுடலாம்னுதான் இருந்தேன், ஆனா மனசு வரல. நீங்க கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு. நர்ஸே சொல்றாங்கன்னு."

நான் எழுந்துகொண்டேன். அவர் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.