விதானையார் வீட்டுக் கதிரை

பிள்ளைகளே, போன தைப்பொங்கலுக்குப் பக்கத்து ஒழுங்கை வாத்தியார் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து போனாரல்லவா? அவர் வாசல் படலையைத் தாண்டுவதற்கு முன்பே சின்னவள் என்னிடம் கேட்டாள். அண்ணனும் இவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்கிறீர்களே, பிறகு ஏன் இவர் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், அண்ணன் மாத்தறையில் கடையில் நின்று செத்தல் மிளகாய் நிறுக்கிறார் என்று. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று சொல்லி நான் எழும்பிப் போய்விட்டேன். அது வாயால் சொல்ல வராத கதை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என்றாலும் எழுதிப் பார்க்கிறேன். அண்ணன் லீவில் வரும்போது அவனும் வாசிக்கட்டும்.

இது நடந்தது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு, நமது அனலைதீவில். அப்போது என்னிடம் ஒற்றை ஆள் ஓட்டக்கூடிய சின்னப் பாய் வள்ளம் ஒன்று இருந்தது. இங்கிருந்து புகையிலையும் ஆட்களும் ஊர்காவற்துறைக்கு, அங்கிருந்து அரிசியும் சீனியும் இங்கே. அதுதான் நமக்குச் சோறு.

நமது ஊரில் பிறந்து, இளம் வயதிலேயே மலாயாவுக்குப் போய், ரயில்வேயில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர் ஒருவர். ஊரில் எல்லாரும் மலாயாக்காரர் என்றே சொல்வார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் கெட்டிக்காரத்தனம் இருந்தும் வழியில்லாத ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்த்து, இங்கிலீசுப் படிப்பு முடியும்வரை அங்கிருந்தே செலவுக்கு அனுப்புவார். ஒரு பிள்ளை படித்து முடித்த பிறகுதான் அடுத்த பிள்ளை. அந்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தவர், அடுத்த பிள்ளையைத் தாமே பார்த்து எடுக்கப் போவதாகச் சொன்னார்.

தலைமை வாத்தியார் இரண்டு பெயர் கொடுத்தார். ஒன்று உங்கள் அண்ணன். மற்றது, பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு கைம்பெண்ணின் மகன். அவளுடைய புருஷன் மீனுக்குப் போய்த் திரும்பி வராதவன். அவள் பாயும் கடகமும் பின்னி விற்றுச் சீவித்தாள். வகுப்பில் எப்போதும் உங்கள் அண்ணன் முதலாம் பிள்ளை, அந்தப் பெடியன் இரண்டாம் பிள்ளை. ஆகவே எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அண்ணன் விடுதியில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பான் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மலாயாக்காரர் இரண்டு வீட்டையும் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பெரிய மனிதர் ஒருவர் வீடு தேடி வந்தால் இல்லாததைக் காட்டுவது நமது வழக்கம் இல்லை. வந்தவரைப் பாயில் இருத்தினால் அந்தக் கதை நமக்கு முதல் அடுத்த தீவான நயினாதீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார் வீட்டில் கைபிடி வைத்த கதிரை ஒன்று இருந்தது. கலியாணம், பெண் பார்த்தல், எது என்றாலும் அதைத்தான் எல்லாரும் இரவல் வாங்குவார்கள். நானும் போய்க் கேட்டு, தலையில் சுமந்துகொண்டு வந்தேன். உங்கள் அம்மா தன் தமக்கை வீட்டிலிருந்து வெண்கலத் தட்டும் தண்ணீர் குடிக்க மூக்குப்பேணியும் வாங்கி வந்தாள். கதிரைக்கு மேலே வெளுத்த வெள்ளைத் துணி விரித்தோம். நம்மிடம் நின்ற ஒரே சேவலையும் அடித்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர், "சேவலையும் முடிச்சுப்போட்டீர். இனி உம்மட வளவில விடிஞ்சிட்டுதெண்டு ஆர் காணும் சொல்லுறது?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மலாயாக்காரரை ஊர்காவற்துறையிலிருந்து ஏற்றி வந்ததும் நான்தான், முதலில் அந்தக் கைம்பெண் வீட்டுக்கு வழி காட்டியதும் நான்தான். அவள் விற்பதற்குப் பின்னி வைத்திருந்த புதுப் பாயைத் தரையில் விரித்தாள். சிரட்டையில் தேத்தண்ணீரும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்தாள். "வேற ஒண்டும் இல்லை ஐயா," என்று சொன்னாள். அதில் வெட்கமும் இல்லை, குறையும் இல்லை. பிறகு தணிந்த குரலில் அவரோடு ஏதோ கதைத்தாள். படலையில் நின்ற எனக்கு அது கேட்கவில்லை. கூரையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு, பாவம் என்று நினைத்தேன். என் வீட்டு அடுப்பில் சேவல் கொதிக்கிறது என்றும் நினைத்தேன்.

நம் வீட்டில் மலாயாக்காரர் வயிறாரச் சாப்பிட்டார். உங்கள் அண்ணனை வாசிக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார். அவன் ஒன்றிலும் தடக்கவில்லை. அவர் கதிரையின் கையைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு. முதிரை மரமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, முதிரை," என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. அது முதிரைதான். அதற்குப் பிறகு அந்த மற்ற வீட்டின் பாடு எப்படி என்று விசாரித்தார். ஏதோ சீவிக்கினம் என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டேன்.

அடுத்த கிழமை தலைமை வாத்தியார் வந்தார். மற்றப் பெடியனைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறார் என்றார். நமக்கு எப்படியாவது சமாளிக்க ஏலும், அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு வழியும் இல்லை என்று மலாயாக்காரர் சொன்னாராம். இரவல் வாங்கிய தட்டு அப்போதும் நம் குசினியில்தான் கிடந்தது.

பிள்ளைகளே, பணக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் ஒரு கைம்பெண்ணின் ஓட்டைக் கூரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மழை பெய்தால் அவள் வீட்டில் எங்கெங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும். முந்தின மாரிகளில் இரண்டு ஓலையைத் தூக்கிக்கொண்டு போய் நான்தான் செருகிவிடுவேன். அந்த மாரியில் போகவில்லை. அந்த ஓட்டை அல்லவா அவளுடைய மகனைப் படிக்க அனுப்புகிறது, நான் ஏன் அடைக்கவேண்டும் என்று படுத்திருந்தேன். என் கூரை ஏன் ஒழுகவில்லை, அவளுடைய புருஷனைப்போல நான் ஏன் செத்துப்போகாமல் இருந்தேன் என்றுகூட ஒரு நாள் நினைப்பு வந்தது. அம்மாவிடம் அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் உலையைப் பார்த்துக்கொண்டு, "கதிரை தூக்கப் போனது ஆர்? நானோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் முழுக்க அந்தப் பெடியனுக்கு ஏதாவது கொடுத்தது. ஒருவர் தகரப் பெட்டி, ஒருவர் போர்வை. அம்மா, அண்ணனுக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அன்று நான் அவள் கையால் சாப்பிடவில்லை. உங்கள் அண்ணனோ ஒவ்வொரு பின்னேரமும் அந்த வீட்டிலேயே கிடந்தான். அங்கே போகாதே என்று அதட்டினேன். "அவன் போனால் பிறகு நான் ஆரோட கதைக்கிறது, அப்பு?" என்றான். நான் இன்னும் சத்தமாக அதட்டினேன்.

அவர்கள் புறப்பட்ட நாள் வந்தது. ஏற்றிப்போக வேறு வள்ளம் கிடைக்கவில்லை, என்னுடையதில்தான் ஏறினார்கள். மலாயாக்காரர் நடுப் பலகையில் இருந்தார். அந்தப் பெடியன் அம்மா தைத்த சட்டையோடு தகரப் பெட்டிக்கு மேலே இருந்தான். தாய் முன்பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். வாடைக்காற்று எதிர்க் காற்று. பாய் உதவவில்லை. கோல் ஊன்றி ஊன்றித்தான் போகவேண்டியிருந்தது.

என் முகத்தைப் பார்த்த மலாயாக்காரர், "என்ன காணும், என்னோட கோவமோ?" என்று கேட்டார். காற்றுக் கூடாது ஐயா, வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் விடவில்லை. "உம்மட மோனில ஒரு குறையும் இல்லை. அவன்தான் கூடக் கெட்டிக்காரன். அதை எனக்கு முதல் சொன்னதே இந்தப் பிள்ளைதான்," என்று அவளைக் காட்டினார். "என்ர மோனை விடுங்கோ, அந்த வீட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு அண்டைக்கே சொன்னவ. நான்தான் ரெண்டு வீட்டையும் பாத்துப்போட்டு, கதிரையும் வெண்கலமுமாய்க் கிடக்கு, உமக்கு வழியிருக்கு எண்டு விட்டனான்."

கோல் சேற்றில் ஊன்றியபடியே நின்றுவிட்டது. சிரட்டைத் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவள் தணிந்த குரலில் கதைத்தது இதைத்தானா?

அப்போது அவள் திரும்பினாள். அவர் அப்படி ஒரு காரணத்தால் முடிவெடுத்தார் என்பது அவளுக்கும் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"ஐயா, அந்தக் கதிரை இவையின்ர இல்லை. அது விதானையார் வீட்டுக் கதிரை. தட்டும் இரவல். நீங்கள் அதைப் பாத்து முடிவெடுத்ததெண்டால் அது பிழை ஐயா. இன்னும் பிந்தேல்லை."

அந்தப் பெடியன் பெட்டியின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். தாயைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான்.

மலாயாக்காரர் என் பக்கம் திரும்பினார். "உண்மையோ காணும்?"

இத்தனை நாளும் நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வள்ளத்தைத் திருப்பலாம். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் அண்ணன் வழியனுப்ப வந்தவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"இல்லை ஐயா," என்றேன். "கதிரை எங்கடதான். விதானையார்தான் இடைக்கிடை எங்களிட்ட இரவல் வாங்கிறவர்."

மலாயாக்காரர் கடகடவென்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு மறுபடியும் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கோலைப் பிடுங்கி ஊன்றினேன்.

நல்ல மனத்தால் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் அது உண்மையில்லை. அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது பொறாமைதான். ஒன்றும் இல்லாதவள், தன் பிள்ளையின் படிப்பையே எடுத்து என் கையில் தருகிறாள். அவள் கொடுக்கிறவளாகவும் நான் வாங்குகிறவனாகவும் இருக்க என்னால் ஏலாமல் போய்விட்டது. அவள் என்னைவிடப் பெரியவளாகிவிடக் கூடாது என்ற எரிச்சலில் வந்த சொல் அது. அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தவன் உங்கள் அண்ணன்.

ஊர்காவற்துறையில் இறங்கும்போது அவள், "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள். யாழ்ப்பாணம் போகும் லாஞ்சி புறப்படப் போகிறது, ஏறு பிள்ளை என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். மூன்று பேரும் ஏறிப் போனார்கள். விடுதியைப் பார்த்துவிட்டு அவள் அடுத்த நாள்தான் வருவதாக இருந்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பெல்லாம் படித்து முடித்துவிட்டு மாத்தறைக்குப் போனான். இன்றைக்கு நீங்கள் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குப் போவது அவன் அனுப்புகிறதில்தான். அனுப்பு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கதிரையைப் பற்றி அவனும் என்னைக் கேட்டதில்லை. வாத்தியாருக்கு அது எல்லாம் தெரியும். பொங்கலுக்கு வந்தால் முதல் வார்த்தை அண்ணனைப் பற்றித்தான் கேட்பார். அவருடைய சப்பாத்துச் சத்தம் படலையில் கேட்டால் இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் ஒரு முள் அசையும். ஆனால் அது அவருடைய படிப்பைக் கண்டு அசைவதில்லை. என் பிள்ளை போகட்டும், அந்தப் பிள்ளை படிக்கட்டும் என்று முகம் கோணாமல் சொல்ல ஒரு மனம் வேண்டுமே, அது அவருடைய தாய்க்கு வாய்த்தது, எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் அசையும். அந்தப் பொறாமை மட்டும் என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று திரும்பி வந்தபோது வள்ளத்தில் நான் தனி. காற்று இப்போது பின்னால் நின்று தள்ளியது. நடுக்கடலில் பாயை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். லாஞ்சியின் புகை ஒரு நூல்போலத் தெரிந்தது. பெரியவர்களைக் கண்டால் ஆண்கள் சால்வையை இடுப்புக்கு இறக்கிக் கட்டி நிற்பது நமது ஊர் வழக்கம். ஒரு கைம்பெண்ணுக்கு முன்னால் எவரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. வெயிலுக்காகத் தலையில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டேன். அந்தப் புகை மறையும்வரை பலகையில் இராமல், ஆடுகிற வள்ளத்தில் எழும்பி நின்றேன்.