எண்பது பல் கயிறு

ஜூன் 9: மணிக்கு 62.7 கிலோமீட்டர்.
ஜூன் 23: 62.7.
ஜூலை 14: 65.8.
ஆகஸ்ட் 18: 65.8.
செப்டம்பர் 22: 69.3. பனிமூட்டம்.
அக்டோபர் 20: 73.2. தூறல்.
நவம்பர் 3: 73.2. மழை.

மகாதேவி குத்தவைத்து உட்கார்ந்தாயிற்று. தலையில் கணவரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். சேலைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஒரு ஸ்வெட்டர். இடது கையில் பள்ளிக்கூடம் இரவல் கொடுத்த தோல் கையுறை. நாற்பது அடிக்கு அப்பால் மகள் சத்தியபிரியா, பதினாலு வயது, கையைக் காற்றாடிபோல ஒரு முழுச் சுற்று சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறாள். கையுறையில் 'பொத்' என்று விழுகிறது.

"வெரசா இல்ல. மறுபடி போடு" என்கிறாள் மகாதேவி. எந்தப் பந்துக்கும் அவள் தீர்ப்பு இதுதான்.

விளையாட்டுக்கு சாப்ட்பால் என்று பெயர், மென்பந்து. "மெத்துனு இருக்குமாம்ல! பேரு வச்சவன் உள்ளங்கையில ஒரு பந்த விட்டுப் பாக்கணும்" என்பது மகாதேவியின் கருத்து. பள்ளியில் பந்து பிடிக்கும் பெண் இருபது பந்துக்கு மேல் குத்தவைக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மலைக்கிராமமான கவுஞ்சியில் பூண்டுக் காட்டு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மகாதேவி நூற்றிருபது பந்து பிடிப்பாள். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே சும்மா இருக்கும் வலது கையால் பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்குவாள். பயிற்சி முடியும்போது அவள் பக்கத்தில் ஒரு கூடைக் களை இருக்கும். வேலிக்கு வெளியே ஒரு காட்டுமாடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் காட்டுப் பாப்பம்மாளுக்கு இது பொறுக்காது. "ஏத்தா, சோலி அம்புட்டும் அப்படியே கெடக்கு. ஆத்தாளும் மகளும் பந்து வெளையாண்டுக்கிட்டு இருக்கீகளே!"

"இதுவும் சோலிதான் அத்தை" என்பாள் மகாதேவி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

சோலிதான். திண்டுக்கல்லில் டிசம்பரில் பயிற்சி முகாம். எழுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் பந்து போடுகிற பெண்களுக்கு மட்டுமே அழைப்பு. முகாமில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். படிப்பும் சாப்பாடும் அங்கேயே. தேறாவிட்டால் பத்தாம் வகுப்போடு பூண்டுக் காடு.

வேகத்தை அளப்பது சின்னச்சாமி, மகாதேவியின் கணவர். வரப்பில் நின்று செல்போனில் படம் பிடிப்பார். நொடிக்கு முப்பது படம் எடுக்கும் போன். பந்து கையை விட்ட படத்திலிருந்து கையுறையில் விழுந்த படம் வரை விரலால் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். கணக்கை விளையாட்டு ஆசிரியை சுதாராணி எழுதிக் கொடுத்திருக்கிறார். நாற்பது அடியைக் கடக்கப் பத்தொன்பது படம் என்றால் 69.3. பதினெட்டு என்றால் 73.2. நடுவில் ஒன்றும் கிடையாது. முகாமில் கேட்கிற எழுபது, இந்த போனில் வரவே வராது.

சின்னச்சாமி இதை விளக்கியபோது மகாதேவி கேட்டாள். "அப்ப மகளுக்கு வேகம் இல்லேங்கிறீகளா, போனுக்கு இல்லேங்கிறீகளா?"

நாற்பது அடியை அளப்பது மட்டும் அவள் பொறுப்பு. அளவு டேப் தருகிறேன் என்று ஆசிரியை சொன்னதற்கு, "எதுக்கு டீச்சர்? எங்கிட்டப் பாத்திக் கயிறு கெடக்கு. நாலு வருசமா ஒரு விரக்கடை பொய் சொன்னதில்ல" என்றுவிட்டாள். பூண்டு நடும்போது வரிசை பிடிக்கிற சணல் கயிறு அது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் அரை அடி. அரை அடிக்கு ஒரு பல். கயிற்றின் நீளத்துக்கு எண்பது பல்.

நவம்பர் 4 அன்று 73.2 என்று எழுதி, முகாமுக்குக் கடிதம் போயிற்று.

நவம்பர் 6, புதன். நடவு. போன நடவு வெயிலில் நடந்தது; இந்த நடவு மழையில். மகாதேவி வெள்ளனே போய், எண்பது பல் எண்ணி மடியில் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்கினாள். வரிசை முடிந்தபோது மடியில் ஐந்து பல் மிச்சம். தன்மேல் சந்தேகப்படுவது அவள் வழக்கமில்லை. நடவுக்குக் கைகொடுக்க வந்து அடுத்த வரிசையில் நட்டுக்கொண்டிருந்த பாப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைய ஏன் மொறைக்கிற? என் மடியிலயும் அஞ்சு கெடக்கு" என்றாள் பாப்பம்மாள்.

இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள். மகாதேவி அதைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. நனைந்த சணல் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. ஐந்து பல் என்றால் இரண்டரை அடி. மகள் முப்பத்தேழரை அடிக்குத்தான் பந்து போட்டிருக்கிறாள். 73.2 உண்மையில் 68.6.

சாயங்காலம் வீட்டில் பேச்சு இப்படிப் போயிற்று.

"யம்மா, யாருக்கும் தெரியாது. விட்ரும்மா."

"கயித்துக்குத் தெரியும்ல?"

"கயிறு போயி திண்டுக்கல்லுல சொல்லவா போகுது?"

"அது சொல்லாது. நான் சொல்லுவேன்."

மூன்று நாள் சத்தியபிரியா தாயோடு பேசவில்லை. கயிறு அடுப்புக்கு மேல் தொங்கிக் காய்ந்தது. நவம்பர் 10, ஞாயிறு, காய்ந்த கயிற்றால் அளந்து முளை அடித்தார்கள். மகள் பேசாமலே வந்து நின்று பேசாமலே போட்டாள். இரண்டு பந்து ஹெல்மெட்டில் பட்டன. "வெரசா இல்ல" என்று அன்று மட்டும் மகாதேவி சொல்லவில்லை. சின்னச்சாமி, ஒரு படமாவது குறையாதா என்று மூன்று தடவை எண்ணினார். பத்தொன்பது. 69.3.

"கோவத்துலயே எழுவது வரலேன்னா இனி எதுல வரும்?" என்றார்.

மறுநாள் மகாதேவி தன் கையாலேயே எழுதினாள். 'ஐயா அவர்களுக்கு, கவுஞ்சி சி. மகாதேவி எழுதுவது. 4ஆம் தேதி கடிதத்தில் 73.2 என்று போட்டது தவறு. கயிறு நனைந்துவிட்டது. காய்ந்த கயிற்றுக்கு 69.3. தப்பு கயிற்றின் மேல், பிள்ளையின் மேல் இல்லை. எங்கள் போனில் எழுபது வராது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பதினெட்டு நாள் பதில் இல்லை. பந்து மட்டும் நிற்கவில்லை. தபால்காரர் வருகிற நேரமாகப் பார்த்து மகாதேவிக்கு ரோட்டோரப் பாத்தியில் களை அதிகமாகிவிடும்.

கடைசியில் வந்த உறையைச் சத்தியபிரியாதான் பிரித்தாள். இரைந்து படித்தாள். 'மாணவி டிசம்பர் 7, காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். வேகம் இங்கேயே ரேடார் கருவியால் அளக்கப்படும். கயிறு கொண்டுவர வேண்டியதில்லை.'

படித்து முடித்ததும், "யம்மா!" என்றாள் சத்தியபிரியா.

மகாதேவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்புக்கு மேலே கிடந்த கயிற்றை எடுத்தாள். கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தாள். சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, மகளுடைய பயணப் பையின் அடியில் வைத்தாள்.

"அந்த மிஷினு நனைஞ்சு கெடந்துச்சுன்னா?" என்றாள்.

கடிதம் வந்தது நவம்பர் 29, வெள்ளி. மழை இல்லை.