இரண்டு பேட்டரி

ஆம்பூரில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பேட்டரி வாங்குவது பெண் கேட்டுப் போவதைப் போல. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சீட்டில் இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்து வேண்டும், ஸ்டோர்காரருக்கு மனசும் வர வேண்டும். அதனால் நர்சுகள் நாங்கள் ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றில் போட்டுச் சமாளிப்போம். அப்புறம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்போம்.

அன்று காலை ஷூ கம்பெனி வேனில் இருபது பெண்கள் பரிசோதனைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து பிபி மிஷின் உயிரை விட்டது. அவசர டிராலியைத் திறந்து, லாரிங்கோஸ்கோப்பின் கைப்பிடியிலிருந்து இரண்டு பேட்டரியை எடுத்தேன். மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும்போது நாக்கை விலக்கித் தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் கருவி அது. பல வாரம் அதற்கு வேலையே இருக்காது. டிராலி சரிபார்க்கும் நோட்டில் அதற்கு எதிரே ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர், விஷவாயு தாக்கி உள்ளேயே சாய்ந்துவிட்டார். அவரை மேலே தூக்கிய கூட்டாளிதான் தோளில் சுமந்து வந்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. வாயெல்லாம் நுரை.

"ட்யூப் போடணும். லாரிங்கோஸ்கோப் செக் பண்ணீங்களா சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"காலையிலயே பாத்துட்டேன் சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தசைகளைத் தளர்த்தும் ஊசியைப் போட்டேன். அதற்குப் பிறகு அவரால் சொந்தமாக மூச்சு விட முடியாது, நாங்கள்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் கருவியை விரித்தார். விளக்கு எரியவில்லை.

"லைட்டு இன்னா ஆச்சு?"

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது.

"பல்பு போயிருக்கும் சார்."

பிபி மிஷின் எதிர் அறையில்தான் இருந்தது. பேட்டரி அதில் இருக்கிறது, எடுத்து வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். அவர் செத்துவிடுவாரோ என்ற பயம்கூட இல்லை, நான் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம். இதை எழுதும்போதும் கூசுகிறது.

இன்னொரு சிஸ்டர் வேறு கருவி எடுத்துவர மாடியில் இருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள். நான் அவர் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றுப்பையை அமுக்கினேன். அவருக்கு அடர்ந்த தாடி. மாஸ்க் பொருந்தாமல் பக்கத்தில் காற்று கசிந்தது. ஆக்சிஜன் அளவு எண்பது, எழுபது, அறுபது என்று இறங்கியது. அவள் வந்தாள், ட்யூப் போனது, நெஞ்சு ஏறி இறங்கியது. அவரை வேலூருக்கு அனுப்பிய பிறகு பேட்டரிகளைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்பைத் திருகினேன், சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

சில மாதம் கழித்து மனைவியும் அந்தக் கூட்டாளியும் அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துவந்தார்கள். சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. மகள் பெயரைத் தேடித் தேடிச் சொன்னார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட குடுத்தீங்க, அது போதும். மூளைக்குக் காத்து போகாமதான் இப்டி ஆய்டுச்சுன்றாங்க. எங்க சிஸ்டர் லேட்டு ஆச்சு?"

தொட்டிக்குள் போன நிமிடங்கள் எத்தனை, என் கையில் போன நிமிடங்கள் எத்தனை என்று எந்த ஸ்கேனும் பிரித்துச் சொல்லாது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டியிலயே ரொம்ப நேரம் ஆய்ட்ச்சும்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற கூட்டாளியின் முகம் சுண்டிப்போனது.

"நான் கயிறு எடுக்கப் போய்ட்டேன் அண்ணி. அப்டியே குதிச்சிருக்கணும்" என்றார்.

அந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

கயிறு இல்லாமல் இறங்கியிருந்தால் இரண்டு பிணம் வந்திருக்கும். அவர் செய்ததுதான் சரி. எனக்கு அது நன்றாகத் தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாம்.

நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.