பல்லில் கடித்த பறி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளில் பொறித்திருந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு, சென்னைக்கு வடக்கே பெருகிவரும் தொழிற்சாலைகளையும் பார்க்கப் புறப்பட்டேன். புகைபோக்கிகள் தெரியும் ஏரிக்கரையில், எனக்கு முதுகு காட்டி நீரில் உட்கார்ந்து ஒரு பெண் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இருமுறை வழி கேட்டேன், பதிலில்லை. திமிர் என்று எண்ணி, ஏரியைக் குறுக்கே கடக்க நீரில் இறங்கினேன்.

திரும்பிப் பார்த்தவள், "நைனா, அங்க போவாத! சேறு உள்ள இஸ்துக்கும்!" என்று கத்தினாள். இறாலைப் போட்டுவைக்க அவள் பல்லில் கடித்திருந்த ஓலைப்பறி நழுவிக் கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் நீரோடு போயிற்று. அவள் ஏன் பேசவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பதறி மன்னிப்புக் கேட்டேன்.

"எறா நாளிக்கும் கெடைக்கும். உன்ன எங்க போய்த் தடவறது?" என்று சிரித்தாள்.

இப்போது யாராவது பதில் சொல்லாவிட்டால், எதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன்.