நாப்பது குதிரையும் அஞ்சு மாமன்மாரும்

ரெண்டாயிரத்திப் பதினொண்ணுல எனக்க மச்சான் துபாயில இருந்து லீவுக்கு வந்தப்ப பெட்டிக்குள்ள செண்டும் இல்ல, சோப்பும் இல்ல. ஒரு பலகைதான் இருந்தது. ஆளுக்க நெஞ்சு ஒயரம் வரும். நடுவுல ரெண்டு பூட்ஸ ஒட்டி வச்ச மாதிரி இருந்தது. அக்கா அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, துணி தேய்க்கதுக்கான்னு கேட்டா. துபாய்க்காரன் சம்பளத்துக்குப் பதிலா வீட்டுக் கதவக் கழத்திக் குடுத்து விட்டுட்டான்னு நான் சொன்னேன். மச்சான் சிரிக்கல.

மச்சானுக்கு அங்க ஒரு கிளப்புல போட்டு ஓட்டுத வேலை. போட்டுக்குப் பின்னால ஒரு நீளக் கயிறு கெட்டியிருப்பாவளாம். ஒரு வெள்ளக்காரன் அந்தப் பலகையில காலை மாட்டிட்டு, கயிறப் புடிச்சிட்டு கடல் வெள்ளத்துல மல்லாந்து கெடப்பானாம். போட்டு வலிச்ச ஒடனே ஆளு எழும்பி வெள்ளத்துக்கு மேல நிப்பான். போட்டு தள்ளுத அலையில ஏறிச் சாடுவான், சாடிட்டு விழுவான். இதுக்கு அவன் துட்டும் குடுப்பானாம். எங்க ஊர்ல வள்ளத்துல இருந்து வெள்ளத்துல விழுந்தா வீட்டுல ஏச்சுதான் கிட்டும். விழுததுக்குத் துட்டு குடுக்க நாட்டுல நான் பொறக்காமப் போனேனேன்னு நெனச்சேன்.

மச்சானுக்குத் திரும்பிப் போவ மனசில்ல. கல்யாணம் கழிஞ்ச ஆறு வருசத்துல அவரு வீட்டுல இருந்த நாளெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு வருசம் தெகையாது. மக அவரத் துபாய் மாமான்னுதான் கூப்பிடுவா. அப்பான்னா அவளுக்கு போன்ல வாற சத்தம். இந்தத் தடவ வந்த ரெண்டாம் நாள் அவரு அக்காகிட்ட சொல்லிட்டாரு. கன்னியாகுமரிக்கு வாற சனம் காலைல ஆறு மணிக்குச் சூரியனப் பாக்கும், ஏழு மணிக்கு என்ன செய்யதுன்னு தெரியாம சங்கு வெலை கேட்டுட்டு நிக்கும். அதுல பத்துப் பேரு, ஆறு கடலுல சேருத நம்ம பொழிக்கு வந்தாப் போதும். பழைய போட்டு ஒண்ணு வாங்குவோம். அது ஒரு ஆளை வெள்ளத்துக்கு மேல நிமித்தி நிறுத்திட்டுன்னா நான் இஞ்ச இருந்துருவேன். இல்லேன்னா திரும்பிப் போற டிக்கெட்டு பையில இருக்கு.

அன்னைக்குத் தொட்டு அக்கா மாதாவுக்கு தெனமும் மெழுகுதிரி கொளுத்துனா. நான் ஒரு நாள், ஏட்டி, மாதாவுக்கு போட்டு இஞ்சின் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். மெழுகுதிரி கவரால மண்டையில அடிச்சா.

ஆலப்புழைப் பக்கம் பூட்டிப் போட்ட ஒரு ரிசார்ட்டுல ரெண்டு போட்டு விக்கதுக்குக் கெடக்குன்னு மச்சானுக்கு போன் வந்தது. நாங்க மூணு பேரு பஸ் ஏறுனோம். மச்சான், நான், எங்க மூத்த மாமன். மூத்த மாமன் இல்லாம எங்க குடும்பத்துல யாரும் இஞ்சின் வாங்குனது கெடையாது. அவரு இஞ்சின் பாக்குத விதமே வேற. எங்க கடப்புறத்துல ஹார்பர் இல்ல. வள்ளம் அலையில ஏறிக் கரைக்கு வந்த ஒடனே இஞ்சினக் கழத்தி, கம்புல கெட்டி, ரெண்டு பேரு தோளுல வச்சு மணலுல நடந்து வீட்டுக்குக் கொண்டு போவணும். மறுநாள் வெளுக்கதுக்கு முன்ன திரும்பச் சுமந்துட்டு வரணும். அதனால எங்காளுவளுக்கு இஞ்சின்னா மொதல்ல தோளுக்குத்தான் தெரியும். பெறவுதான் காதுக்கு. தூக்கிப் பாத்தே இது எந்த மெக்கானிக் கைய வச்ச இஞ்சின்னு மாமன் சொல்லிருவாரு. பாதி நேரம் தப்பாத்தான் சொல்லுவாரு, ஆனா தைரியமாச் சொல்லுவாரு.

ரிசார்ட்டுல ஒரு வாச்மேன் தென்னை ஓலைய நீக்கி ரெண்டு போட்டையும் காட்டினாரு. ரெண்டும் ஒரே நீளம், ஒரே பொலிவு. ஒண்ணுல நூத்திப் பதினஞ்சு குதிரைச்சக்தி இஞ்சின். மத்ததுல நாப்பது. நாங்க மீன்புடிக்கப் போறது பத்துக் குதிரையில. எனக்கு நாப்பதப் பாத்ததுமே கண்ணு தள்ளிப் போச்சு. மச்சான் நேரே பெரியதுக்குட்டப் போயி, காளைக்க முதுகத் தடவுத மாதிரித் தடவிட்டு நின்னாரு.

பெறவு எங்களுக்குப் பொறுமையா வெளக்கினாரு. வெள்ளத்துல மல்லாந்து கெடக்க ஆளு சாதாரணக் கனம் இல்ல, மீன் நெறஞ்ச வலை மாதிரியாக்கும். அவன் எழும்பி நின்ன பெறவு ஒரு கனமும் தெரியாது. எழும்புத அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் பாடு. இஞ்சின் சின்னதுன்னா போட்டுக்க மூக்கு மேல போவும், வாலு தாழும், போட்டு உழுதுட்டு நிக்கும். உள்ள எத்தன பேரு இருக்காவளோ அத்தனைக்கும் அதே இஞ்சின்தான் பதில் சொல்லணும்.

"ஓடுத வேகத்துக்கு இல்ல மக்கா, கெளம்புத வலுவுக்காக்கும் பெரிய இஞ்சின்"னு எனக்க தோளத் தட்டிச் சொன்னாரு.

மாமன் எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு, செரி, தூக்கிப் பாப்போம்னாரு.

நூத்திப் பதினஞ்ச மாமனும் நானும் வாச்மேனும் சேந்து புடிச்சோம். இஞ்சின் அனங்கல. மாமனுக்க வேட்டிதான் அனங்கிச்சு. அத வாரிச் சுருட்டிக் கெட்டிட்டு நாப்பதுக்கு வந்தாரு. அதக் கழத்திக் கம்புல கெட்டி, முன்னால அவரு, பின்னால நான், முற்றத்துல மூணு சுத்துச் சுத்துனோம். எறக்கி வச்சிட்டு, இது போதும்னாரு.

மச்சான் தலையில கைய வச்சிட்டாரு. இது சுமக்கதுக்கு உள்ள இஞ்சின் இல்ல மாமா, பொழிக்குள்ள கெட்டிப் போட்ட போட்டுலேயே கெடக்கும்னாரு. மாமன் விடல. மழை பெஞ்சு பொழி ஒடைஞ்சு எல்லாம் கடலுக்குப் போனா என்ன செய்வீரு, கள்ளன் வந்தா என்ன செய்வீரு, இஞ்சின வெளியில விட்டுட்டு நீரு எப்படி வீட்டுல கெடந்து ஒறங்குவீருன்னு கேட்டாரு. இஞ்சின் வீட்டு நடையில இல்லேன்னா எங்க மாமனுக்கு ஒறக்கம் வராது. அத்தை பெறந்த வீட்டுக்குப் போன நாளெல்லாம் நல்லாத்தான் ஒறங்கியிருக்காரு.

அந்த நேரத்துல நான் வாயப் பொத்திட்டு இருந்திருக்கணும். "மாமா, மச்சானுக்கு ஏசியில இருந்து தோளு இத்துப் போச்சு. இஞ்சினுக்கும் சக்கரம் வச்ச பெட்டி கேப்பாரு"ன்னேன். மாமன் சிரிச்சாரு. தமிழ் முழுசாப் புரியாத வாச்மேனும் சிரிச்சாரு. மச்சானுக்க முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்தவன்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம், ஒடம்பு வேலைக்கு ஆவாதுன்னு மட்டும் சொல்லக் கூடாது. அவரு பெரிய இஞ்சின ஓலையால மூடிட்டாரு. நாப்பதையே எடுப்போம்னாரு. கம்புல சுமந்தது நானும் மாமனும்தான். ஆனா அத எடுக்க வச்சது எனக்க நாக்காக்கும்.

அருமனையில ரப்பர் ஷீட்டு ஏத்துத ஒரு டெம்போவுல போட்டு ஊருக்கு வந்தது. மூணு நாளு கழுவியும் ரப்பர் நாத்தம் போவல. பாதர் தீர்த்தம் தெளிக்கும்போது மூக்கச் சுளிச்சிட்டே செபம் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு பொழியில ஊரே நின்னது. எங்க வழக்கத்துல புது வள்ளம் மொதல்ல எறங்கும்போது தாய்மாமன்மாரு ஏறி இருக்கணும். எங்களுக்கு அஞ்சு மாமன்மாரு. அஞ்சு பேரும் வெள்ள வேட்டி உடுத்தி ஏறி இருந்தாவ. மூணாவது மாமன ஒரு ஆளுன்னு எண்ண முடியாது, அவரு ஏறுனப்ப போட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு அவர விசாரிச்சிச்சு. பலகையில நிக்கத் தெரிஞ்சது மச்சான் ஒருத்தருதான், அதனால அவரு வெள்ளத்துல. ஓட்டுதது நான்.

மொத தடவ வலிச்சப்ப மச்சான் பாதிப் பொழியக் குடிச்சாரு. ரெண்டாம் தடவ பலகை மட்டும் வந்தது, மச்சான் வரல. மூணாம் தடவ ரெண்டு பேரும் வந்தாவ, ஆனா வெள்ளத்துக்கு அடியில. இஞ்சின் காட்டுப்பன்னி மாதிரிக் கத்துது, போட்டு நவுர மாட்டங்குது. மாமன்மாரு ஆளுக்கொரு புத்தி சொன்னாவ. ஒருத்தரு கயிறக் கொறைக்கச் சொன்னாரு, ஒருத்தரு மச்சானச் சட்டையக் கழத்தச் சொன்னாரு, மூணாவது மாமன் காலையில ஆளு என்ன தின்னாருன்னு விசாரிச்சாரு.

நாலாம் தடவயும் போனப்ப மச்சான் கயிற விட்டுட்டாரு. நெஞ்சளவு வெள்ளத்துல, பலகையக் கக்கத்துல வச்சிட்டு நின்னாரு. கோவமெல்லாம் இல்ல.

"போதும் மக்கா. வியாழக்கிழமை நான் போறேன்."

திரும்பிப் பாத்தேன். மச்சான் எழும்புததப் பாக்கணும்னு அஞ்சு மாமன்மாரும் போட்டுக்க கடைசியில போயி நெருக்கி இருக்காவ. வாலு வெள்ளத்துக்கு உள்ள, மூக்கு கோயில் மணிக்கூண்டப் பாத்து நிக்குது. மச்சான் ஆலப்புழையில சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால. என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா யாரு சொல்லுவா? புது வள்ளத்துல ஏறுன தாய்மாமன எறங்கச் சொல்லுதது, கல்யாணப் பந்தியில சோறு போட்ட எலைக்கு முன்ன இருந்து எழுப்பி விடுத மாதிரி. பெறவு ஏழு தலைமொறைக்கு ஒறவு கெடையாது.

அக்கா கரையில இருந்து எறங்குனா. சேலை நனையுதுன்னு கூட நோக்கல. முட்டளவு, இடுப்பளவுன்னு வந்து போட்டுக்க விளிம்பப் புடிச்சிட்டு மூத்த மாமனப் பாத்து மெதுவாக் கேட்டா.

"மாமா, நீங்க எறங்குவியளா, இல்ல அவரு விமானம் ஏறட்டுமா?"

இஞ்சின் டுபுடுபுன்னு ஓடிட்டு இருந்தது. மாமன் இஞ்சினப் பாத்தாரு, அக்காளப் பாத்தாரு, என்னையும் ஒரு பார்வை பாத்தாரு.

"நான் தூக்குன இஞ்சின் என்னைத் தூக்காதாமாடே"ன்னு மத்த நாலு பேருகிட்டயும் கேட்டாரு. கேட்டுட்டு வேட்டிய மடிச்சிக் கெட்டி, முதல்ல அவருதான் சாடுனாரு. பின்னாலேயே மூணு பேரு. கடைசியா மூணாவது மாமன் எறங்குனப்ப சேத்துல கால் பூந்து போச்சு, அவர வலிச்செடுக்கதுக்கே தனியா ஒரு இஞ்சின் வேண்டியிருந்தது.

போட்டு தக்கை மாதிரி மெதந்துச்சு. மச்சானுக்குக் கயிற எறிஞ்சேன். அவரு வேண்டா வெறுப்பாத்தான் புடிச்சாரு. நான் கொடுத்தேன் முழு ஆக்ஸிலேட்டர. மூக்கு ஒரு நிமிசம் மேல போயி, பைய எறங்கிச்சு. கயிறு வெறச்சுச்சு. திரும்பிப் பாத்தா மச்சான் நிக்காரு. வெள்ளத்துக்கு மேல, கால்சட்டை போட்ட இயேசுநாதர் மாதிரி நிக்காரு. கரையில பெண்டுவ குரவை இட்டாவ. பாலம் வரைக்கும் போயி, திரும்பி, தென்னந்தோப்பு வரைக்கும் வந்தோம். அவரு மொகத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் கல்யாண ஆல்பத்துல கூடப் பாத்ததில்ல. எனக்குப் பொறுக்குமா? படக்குன்னு ஒரு வெட்டு வெட்டித் திருப்புனேன். மச்சான் காத்துல பறந்து போயி விழுந்தாரு. எழும்பி எனக்க அப்பனையும் சேத்து ஏசுனாரு. அந்த ஏச்சக் கேட்டப்பதான் எனக்கு உயிரு வந்தது.

கரைக்கு வந்தா மாமன்மாரு அஞ்சு பேரும் ஒரு தென்னைக்க மூட்டுல வேட்டியப் பிழிஞ்சிட்டு இருக்காவ. அக்கா மச்சானுக்குத் துவர்த்து குடுத்தா. அவரு தலையத் துவர்த்திட்டே சொன்னாரு.

"துபாய்க்குக் கொண்டு போவக் கெட்டி வச்ச அந்தப் பெட்டியப் பிரி. நேந்திரங்கா சிப்ஸ எல்லாம் எடுத்து மாமன்மாருக்குக் குடு."

அக்கா வீட்டுக்கு நடக்கல, ஓடுனா. ரெண்டு நாளா இருந்து கெட்டுன பெட்டிய ரெண்டு நிமிசத்துல அறுத்துட்டு, சிப்ஸ் கவரோட திரும்பி வந்தா. மாமன்மாரு வேண்டாம்னு மொகத்தத் திருப்புனாவ. மூணாவது மாமன்தான் மொதல்ல கைய நீட்டுனாரு. கடைசியா மூத்த மாமனும் ஒரு கை அள்ளுனாரு. நல்லா மென்னு முழுங்கிட்டு மச்சானப் பாத்துச் சொன்னாரு:

"நான் அப்பமே சொன்னம்லா, நாப்பது போதும்னு."